பொதியைக் கழுதையில் ஏற்றுவதா, வாகனத்தில் அனுப்புவதா?

பிரான்சில் குடியிருக்கும் தம்பியின் குடும்பத்தோடு சென்ற ஆண்டுக் கோடையில் அந்நாட்டின் தெற்கிலுள்ள செவென் மலைப்பகுதியில் ஏழு நாள்கள் நடப்பதென்று முடிவானபோது, எந்த வழியால் நடப்பது என்பதைவிட எங்கள் பொதியை யார் சுமப்பது என்பதே நீண்ட பேச்சாக இருந்தது. அவரவர் பொதியை அவரவர் முதுகில் சுமக்கலாம்; தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடத்துக்கு வாகனத்தில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடக்கலாம்; அல்லது வழிகாட்டி ஒருவரோடு பொதி கழுதைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். யாழ்ப்பாணம் திரும்பிய பின்னர், பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா செல்லவிருக்கும் உறவினர் சிலர் இதைப் பற்றிக் கேட்டதால், எங்கள் அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதுகில் சுமப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு வாரத்துக்கான உடுப்பும் தண்ணீரும் மழைச்சட்டையும் சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். கீரிமலையைக்கூட மலையென்று அழைக்கும் தட்டையான நிலத்தில் ஐம்பது வயதுவரை வாழ்ந்த என்னைப் போன்றவருக்கும், பதினொரு வயதும் எட்டு வயதுமான இரண்டு பிள்ளைகளுக்கும் அது ஏற்றதன்று. நேபாளத்துக்குப் போகலாம் என்ற யோசனையும் இடையில் வந்தது. இலங்கையருக்கு அங்கே ஆண்டின் முதற் பயணத்துக்கு முப்பது நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது, சுமையாட்களும் உண்டு. ஆனால் அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, உயரநோயோ 2,500 மீற்றருக்கு மேலேயே தொடங்கக்கூடியது. செவெனில் நாங்கள் கடந்த லொசேர் மலையின் உச்சியே 1,699 மீற்றர்தான். சிறுவர்களோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமானது. பிரான்சுக்கான விசாவுக்கு உறவினர் தமது நகரசபையில் பெற்று அனுப்பும் வரவேற்புச் சான்றிதழும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும் என்பதை இங்கிருந்து புறப்படுகிறவர்கள் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

ஆகவே உண்மையான போட்டி வாகனத்துக்கும் கழுதைக்கும் இடையில்தான். நாங்கள் நடந்த ஜி.ஆர். 70 என்ற நெடுநடைப் பாதையில் இரண்டுமே நன்கு வேரூன்றிய ஏற்பாடுகள். சிவப்பும் வெள்ளையுமான கோடுகள் வழி காட்டும் அப்பாதையில் ஷாஸெராதேஸ் ஊரிலிருந்து சென் ஜான் து கார் ஊர்வரை நாங்கள் நடந்தோம். வாகன முறை எளிமையானது: காலையில் பையைத் தங்குமிட வாசலில் வைத்துவிட்டால் மாலையில் அது அடுத்த தங்குமிடத்தில் இருக்கும். தம்பி முன்னர் நான்கு நாள்கள் அப்படி நடந்திருக்கிறார். ஒரு பையும் தவறவில்லை என்றார். கட்டணம் பைக்கும், ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததுவரையான கட்டத்துக்கும் ஏற்பக் கணக்கிடப்படுவதால், தனியாக நடப்பவருக்கு அதுவே மலிவு. பைகள் ஐந்தாறு என்று பெருகும் குடும்பத்துக்கு அந்த இடைவெளி சுருங்குகிறது. எனினும் வழிகாட்டியின் நாட்கூலியையும் சேர்த்தால் கழுதைப் பயணமே கூடுதற் செலவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும் நான் கழுதையின் பக்கம் நிற்பதற்குக் காரணம், பலரும் அதன் குறையாகச் சொல்லும் நாளாந்தப் பராமரிப்புத்தான்.

கழுதையோடு நடப்பவரின் நாள் தன் காலணியைக் கட்டுவதில் தொடங்குவதில்லை. அடைப்புக்குள் நிற்கும் விலங்கைப் பிடித்துக் கட்டி, முதலில் முதுகையும் வயிற்றின் கீழ்ப்பக்கத்தையும் தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். மண்ணில் புரண்ட கழுதையின் மயிருக்குள் ஒரு சிறு மணல் இருந்தாலும், அது சேணத்தின் கீழே நாள் முழுவதும் உரசி மாலைக்குள் புண்ணாகிவிடும். முதுகில் புண் வந்த கழுதைக்குச் சேணம் பூட்ட முடியாது, பயணமும் அங்கேயே நின்றுவிடும். பின்னர் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்புக்குள் சிக்கிய கற்களைக் கொக்கியால் எடுக்க வேண்டும். அதன் பிறகே பொதி. ஒரு கழுதைக்கு நாற்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதில் எங்கள் வழிகாட்டி விட்டுக்கொடுக்கவேயில்லை. இருபுறத்துப் பைகளையும் தொங்கு தராசில் நிறுத்துச் சமப்படுத்திய பின்னரே ஏற்ற அனுமதித்தார்.

என் பேரனார் புகையிலைச் சிப்பங்களை மாட்டு வண்டிலில் ஏற்றும்போது முன்பாரமும் பின்பாரமும் பார்த்து அடுக்குவார். முன்னே பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்னே கூடினால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுக்கும் என்பார். கழுதையில் அது இடப்பாரம், வலப்பாரம் என்று மாறுகிறது, அவ்வளவே. அந்த அறிவு வீட்டிலேயே இருந்தும் இரண்டாம் நாள் நான் தவறினேன். வலப்பக்கப் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தல்களை மட்டும் எடுத்து எடுத்துக் குடித்ததில், நண்பகலுக்குள் அந்தப் பக்கம் எடை குறைந்து சேணம் இடப்புறமாகச் சரிந்துவிட்டது. கழுதை ஓடவில்லை, உதைக்கவில்லை. ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் நின்றது. அச்சமோ நோவோ வந்தால் குதிரை ஓடும், கழுதை பெரும்பாலும் உறைந்து நிற்கும் என்றும், அதையே மனிதர் பிடிவாதம் என்று அடிக்கிறார்கள் என்றும் வழிகாட்டி சொன்னார். மன்னார்த் தெருக்களில் ஆளின்றித் திரியும் கழுதைகளைச் சிறுவயது முதல் பார்த்திருந்த எனக்கு, அந்த விலங்கைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிந்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

காலையில் முக்கால் மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும் இந்த வேலைக்குப் போகின்றன. மாலையில் சேணத்தை இறக்கி, உள்ளங்கையால் முதுகைத் தடவிச் சூடோ வீக்கமோ உண்டா என்று பார்த்து, தண்ணீர் காட்டி, வேலியிட்ட புற்றரையில் விட வேண்டும். வறண்ட ஆபிரிக்க நிலத்தில் தோன்றிய இனமாகையால் கழுதையின் மயிர் குதிரையினுடையதைப் போல மழையைத் தாங்காது. கூரை நிழலும் வேண்டும். இந்த நேரம் வீண் என்று முதலில் தம்பி நினைத்தார். ஆனால் இதுதான் நடையின் அளவைத் தீர்மானிக்கிறது. இளைப்பாறுதலையும் சேர்த்தால் மணிக்கு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். நாளுக்குப் பதினைந்து, மிஞ்சினால் இருபது. வாகனத்தில் பொதி அனுப்புகிறவர்கள் பலர் ஒரே நாளில் முடிக்கும், ஏறத்தாழ 28 கிலோமீற்றர் நீளமான பொன் து மோந்வேர் – ஃப்ளோராக் கட்டத்தை நாங்கள் இரண்டாகப் பிரித்தோம். ஏழு நாளில் பிள்ளைகளின் காலில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

இன்னொன்றும் இதனோடு சேர்ந்தது. வாகனத்தில் பை போய்விட்டால், மழை பெய்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பை இருக்கும் ஊருக்கு நாம் போய்த்தான் ஆக வேண்டும். கழுதையின் பை நம்மோடு வருகிறது. லொசேர் மலையின் மேற்பரப்பில், மூடுபனியிலும் உறைபனியிலும் வழி தெரிவதற்காக முற்காலத்தில் நட்ட உயரமான கருங்கற் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த இடத்தில் திடீரென்று குளிர்காற்று எழுந்தபோது கம்பளிச்சட்டைகளும், நாங்கள் கொண்டுபோன பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் இரண்டடி தூரத்தில் இருந்தன. ஐந்தாம் நாள் இளையவனுக்கு வயிற்றோட்டம் கண்டதும், வழிகாட்டி தொலைபேசியில் பேசி ஆறு கிலோமீற்றர் முன்னதாகவே ஒரு பண்ணையில் இடம் பிடித்தார்.

இந்தச் சாய்வுக்கு எல்லைகளும் உண்டு. நாளுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் நடக்க விரும்புகிறவருக்கும், நான்கே நாள் விடுமுறை உள்ளவருக்கும், தனியாகப் போகிறவருக்கும் வாகனமே சரி. பயிற்சிக்குப் பின் வழிகாட்டியின்றிக் கழுதையை மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள் அங்கே நிறையப் பேர். சேணம் சரிந்த அந்த நண்பகலை நினைத்தால், முதற்பயணத்தில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நாங்கள் நடந்தது ஒரே ஒரு முறை, அதுவும் பெருமழை இல்லாத ஒரு வாரம். இலையுதிர்கால மழையில் கழுதை எப்படி நடக்கும் என்பதில் என் சொல்லுக்கு எடை இல்லை.

போகத் தீர்மானிப்பவர்கள், கழுதைகளை ஏற்கும் தங்குமிடங்கள் மற்றவற்றைவிடக் குறைவு என்பதால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே கட்டங்களை வகுத்துப் புற்றரையோடு கூடிய இடங்களாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். உடுப்பை ஒரே பெரிய பெட்டியில் அடைக்காமல், ஒத்த எடையுள்ள சிறு துணிப்பைகளாகப் பிரித்துக் கட்டிக்கொண்டு போனால், காலைத் தராசு வேலை பாதியாகக் குறையும்.