கொப்பரைக்கு ஆதரவு விலையா, கையில் பணமா?

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலை, கோபாலபுரம் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் பலர் கேட்பது இதுதான்: அரசு தான் அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்கு, அதாவது ஆதரவு விலைக்கு, கொப்பரையை (காயவைத்த தேங்காய்ப் பருப்பை) வாங்குவது நல்லதா, கணக்கில் பணம் போடுவது நல்லதா?

தொகை: 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டுவதற்கானது) ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். விவசாயி கணக்கில் மத்திய அரசு பணம் போடும் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. ஐந்து ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் அதே தொகைதான்.

அலைச்சல்: பணம் நேராக வங்கிக்கு வந்துவிடும். கொப்பரைக்கு அப்படியில்லை. தேங்காயை உடைத்துக் களத்தில் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் விற்பனைக் கூடத்தில் எடுக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் பருப்பு பூஞ்சணம் பிடித்துவிடும். களமே இல்லாத சிறு விவசாயி தோப்பிலேயே பச்சைத் தேங்காயாக வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். ஆதரவு விலை அவர் கைக்கு நேரே வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

விலைச் சரிவு: இங்கே ஆதரவு விலைக்கு ஈடில்லை. 2023இல் சந்தை விழுந்தபோது கொள்முதல்தான் தாங்கியது. 2025இல் வெளிச்சந்தை எகிறியதும் அது தேவைப்படவில்லை.

அரசுக்கு: வாங்கினால் கிடங்குச் செலவு, விற்கும்போது நட்டம் வரலாம். பணம் கொடுத்தால் செலவு முன்பே தெரியும்.

குத்தகைக்காரர்: பிஎம் கிசான் நிலம் யார் பேரிலோ அவருக்குத்தான். கொள்முதலுக்கும் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகளைக் கேட்பார்கள்.

களமும் நிறைய மரமும் உள்ளவருக்குக் கொள்முதல். அரை ஏக்கர்காரருக்குப் பணம், அதோடு ஊருக்கு ஒரு பொது உலர்களம்.