கயிறும் ரிங்ஸும் வாங்கப் போற பசங்களுக்கு: ₹7,850 போச்சு, படிச்சிட்டு வாங்குங்க

கோபத்துலதான் எழுதுறோம், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. காவலர் தேர்வுக்குக் கயிறு ஏறிப் பழகுற பத்துப் பேர் ஆளுக்கு ₹785 போட்டு, மொத்தம் ₹7,850-க்கு வாங்கின சாமான் இப்ப அணைக்கரை பக்கம் ஒரு இலுப்பை மரத்தடியில சுருட்டிக் கிடக்கு. வாட்ஸ்அப்புல படம் போட்டு விக்கிற விளையாட்டுச் சாமான் கடை. பேர் எழுதல. ஒரு பேரைச் சொன்னா, இதே மாதிரி இருக்குற மத்த கடையெல்லாம் யோக்கியம்னு நினைச்சிடுவீங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமாச் சொல்றோம்.

முதல்ல இது ஏன் தேவைன்னு. இரண்டாம் நிலைக் காவலர் உடற்திறன் தேர்வுல மதிப்பெண்ணை நட்சத்திரமாத்தான் கணக்குப் போடுவாங்க: ஆண்களுக்குக் கயிறு 5 மீட்டர் ஏறினா ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினா ரெண்டு. அந்தக் கடைசி ஒரு மீட்டருக்குத்தான் அத்தனை உழைப்பும். பாதி உயரம் வரைக்கும் வேகத்துலயே போயிடலாம். அதுக்கு மேல முன்கை கல்லு மாதிரி இறுகி, விரல் தானா விரிய ஆரம்பிச்சுடும். பீம்ல, அதான் புல்அப் கம்பியில, பன்னிரண்டு எடுக்குற பையன்கூட கயிறுல மூணரை மீட்டர்ல தொங்கிக்கிட்டு நிக்கிறது இதனாலதான். அக்னிவீர் தேர்வுல பீம் 10 எடுத்தா முழு 40 மார்க், 6 எடுத்தா 16. அதுக்குப் பழகினவங்க கயிறும் வந்துடும்னு நினைக்கிறாங்க. வராது. பீம்ல விரலைக் கொக்கி மாதிரி மாட்டித் தொங்கலாம். கயிறுல கொக்கி போட இடமே இல்ல, உள்ளங்கையால நசுக்கித்தான் பிடிக்கணும். இடுப்பை மடக்கி முட்டியை நெஞ்சுக்குக் கொண்டுவர வயித்துல பலம் இல்லன்னா கால் கயிறைத் தேடிக்கிட்டே இருக்கும், கை அதுக்குள்ள செத்துடும்.

அதனாலதான் கயிறோட ரிங்ஸும், அதான் பட்டையில தொங்குற ரெண்டு வளையம், சேர்த்துக் கேட்டோம். வாரத்துல மூணு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ரிங்ஸ்ல கையை நேரா ஊன்றி நிக்கிறது 20 விநாடி, நாலு தடவை. அதே நிலையில முட்டியை மடக்கித் தூக்கிப் பிடிக்கிறது 10 விநாடி, அஞ்சு தடவை. அப்புறம் மேலேருந்து அஞ்சு எண்ணி மெதுவா இறங்குற புல்அப் அஞ்சு, மூணு தடவை. கயிறு கடைசியில, அதுவும் ரெண்டு மூணு ஏற்றம்தான். தினமும் ஏறினா ரெண்டாவது வாரத்துல முழங்கையோட உள்பக்கம் வலி வந்து நிக்கும். தசை ஒரு மாசத்துல ஏறிடும், நரம்புன்னு நாம சொல்ற அந்தத் தசைநாண் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

இனி கடைக்காரர். ‘38 எம்எம் மணிலா கயிறு, 25 அடி. 28 எம்எம் மர ரிங்ஸ், 38 எம்எம் பட்டை, 300 கிலோ தாங்கும், ஒலிம்பிக் தரம்’னு போட்டிருந்தார். மணிலான்னா முழுக்க நார்க் கயிறு. ஒலிம்பிக்ல கயிறு ஏறுற போட்டி 1932-ஓட நின்னுபோச்சு, இதுல எங்கேருந்து ஒலிம்பிக் தரம்னு அப்பவே கேட்டிருக்கணும். கேட்கல. பாதிப் பணம் இப்ப, மீதி சாமான் வந்ததும்னு சொல்லிப் பார்த்தோம். உடனே வீடியோ கால்ல வந்தார். கயிறைத் தராசுல வச்சார், 7.8 கிலோ காட்டுச்சு. 38 எம்எம் மணிலா மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், 25 அடிக்கு அந்தக் கணக்கு சரி. “தம்பி, நானும் தஞ்சாவூர்க்காரன்தான். போலீஸுக்குப் போற பசங்களை ஏமாத்திட்டு நான் எங்க போய் நிப்பேன்?” அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில ₹7,850-ஐ ஜிபேல அனுப்பியாச்சு. தராசுல இருந்த கயிறு வேற, மூட்டையில வந்த கயிறு வேற.

ஒன்பதாம் நாள் வந்த மூட்டையைத் தூக்கும்போதே லேசா இருந்துச்சு. கயிறோட எடை மட்டும் 4.2 கிலோ. நீளம் 20 அடிக்கு ரெண்டு இஞ்சு குறைவு. கிளையில ரெண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போடவே மூணு அடி போயிடும், மிச்சம் 17 அடி கூட இல்ல. அது 5.2 மீட்டருக்கும் குறைவு. 6 மீட்டர் ஏறணும்னு வாங்கின கயிறுல ஏறுறதுக்கு 6 மீட்டரே இல்ல! நூலைச் சுத்தி அளந்தா சுற்றளவு 12 செ.மீ. வரணும், 10.7 தான் வந்துச்சு.

நுனியைப் பிரிச்சுப் பார்த்தோம். மூணு புரி. ஒவ்வொரு புரிக்குள்ளயும் வெள்ளையா பிளாஸ்டிக் இழை, அதுக்கு மேல சணலைச் சுத்தி, மணிலா நிறம் வர்றதுக்கு ஏதோ எண்ணெய் தடவியிருக்கு. உள்ளேருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சி காட்டினோம். எரியல. சுருண்டுக்கிட்டுப் போய் கறுப்பா மிளகு மாதிரி ஒரு உருண்டையா நின்னுச்சு, பால் கவர் எரிஞ்ச வாசனை. நார்க் கயிறா இருந்தா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலா உதிரும். தேர் வடம் பிடிச்ச ஊர்க்காரங்க நாம, தொட்டவுடனே தெரிஞ்சிருக்கணும்.

இதுல என்ன ஆபத்துன்னா, எடை தொங்கினதும் மேல இருக்குற சணல் உள்ள இருக்குற வழவழப்பு மேல வழுக்கும். நீங்க இறுக்கிப் பிடிச்சிருப்பீங்க, கைக்குள்ள இருக்குற தோல் மட்டும் கீழ இறங்கும். ஒருத்தனுக்கு ரெண்டாவது ஏற்றத்துலயே உள்ளங்கைத் தோல் உரிஞ்சுடுச்சு. ஐப்பசி மழையில நனைஞ்சா அந்தச் சணல் பூஞ்சை பிடிக்கும், வெயில்ல உள்ள இருக்குற பிளாஸ்டிக் நொறுங்கும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

ரிங்ஸ் அதைவிட மோசம். 28-க்குப் பதில் 32 எம்எம், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி வார்னிஷ். தடிமனையாவது பொறுத்துக்கலாம், வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சும் எடுத்துடலாம். பட்டை 25 எம்எம் தான், அதைக்கூட விடுங்க. பக்கிள்தான் கொலைகாரன். பட்டையைக் கவ்வுற பல்லு மழுங்கல், ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு. பக்கிள் வாயில சாக்பீஸ் கோடு போட்டுட்டு 62 கிலோ பையனை அஞ்சு டிப்ஸ் (ரிங்ஸ்ல ஊன்றி, கையை மடக்கி இறங்கி ஏறுறது) எடுக்கச் சொன்னோம். கோடு நாலு விரல்கடை நகர்ந்துடுச்சு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். ஒரு ரிங் இறங்கி ஒண்ணு நின்னா தோள்பட்டை என்ன ஆகும்னு யோசிங்க. 300 கிலோ தாங்குமாம்!

அன்னிக்கு ராத்திரியே படம், அளவு, எடை எல்லாம் அனுப்பினோம். மறுநாள் மதியம் பதில்: “நார்க் கயிறு சுருங்கும் சார், அது இயற்கை.” நார்க் கயிறு நனைஞ்சா சுருங்கும், உண்மைதான். நனையாத கயிறு எப்படி அஞ்சு அடி சுருங்கும்? அதுவும் பிளாஸ்டிக்? அதைக் கேட்டதும் ‘கொரியர்ல மாத்தியிருப்பாங்க, அவங்ககிட்டக் கேளுங்க’. கொரியர் ஆபீஸ்ல ரசீதைப் பார்த்தோம், அனுப்பும்போதே 6 கிலோன்னு எழுதியிருக்கு, ரிங்ஸையும் சேர்த்து! அந்த ரசீதையும் அனுப்பினோம். ‘மூட்டை பிரிக்கிற வீடியோ இருக்கா?’ இல்ல. ‘அப்ப ஒண்ணும் பண்ண முடியாது.’ அடுத்து ‘ஏறிப் பார்த்துட்டீங்கல்ல, யூஸ் பண்ணின சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்.’ நாலு நாள் நீல டிக் மட்டும். அஞ்சாம் நாள், அடுத்த முறை வாங்கும்போது ₹500 தள்ளுபடின்னு ஒரு கூப்பன். ₹7,850 போனவனுக்குக் கூப்பன்! திட்டினோம், பிளாக். வேற நம்பர்லேருந்து கூப்பிட்டா அதே “தம்பி, நானும் தஞ்சாவூர்க்காரன்தான்”. புது ஆளுன்னு நினைச்சுட்டார்.

தேர்வுக்கு ஏழு வாரம் இருந்துச்சு, இப்ப நாலுதான். விவரமா எழுதுறோம்னு சொன்னோம், பொறுமை இல்ல, இதை மட்டும் பிடிச்சுக்குங்க. முன்பணம் முழுசா அனுப்பாதீங்க. மூட்டையைப் பிரிக்கிறதை வீடியோ எடுங்க, தராசும் டேப்பும் அதுலயே தெரியணும். ஒரு இழையைக் கொளுத்திப் பார்க்காம ஏறாதீங்க. ரிங்ஸ் பட்டையில சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்க, பக்கிளுக்குக் கீழ மிச்சப் பட்டையில ஒரு முடிச்சும் போடுங்க. கயிறை நேரடியாக் கிளையில கட்டாதீங்க, நடுவுல பழைய சைக்கிள் டயர் வையுங்க. இறங்கும்போது சறுக்காதீங்க, கை மாத்தி மாத்தி இறங்குங்க. ஏமாந்துட்டா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது. நாங்க 1915-ல பதிஞ்சாச்சு, கொரியர் ரசீதை வச்சு ஆணையத்துக்கும் மனு தயார் பண்றோம்.

நம்ம பசங்களுக்கு மட்டும்: வேற கயிறு வர்ற வரைக்கும் பீம்ல ரெண்டு துண்டை மடிச்சுப் போட்டு, அதைப் பிடிச்சுத்தான் புல்அப். மெல்லிசு ஈரிழைத் துண்டு வேணாம், கிழிஞ்சுடும். தடிச்ச டர்க்கி டவல் எடுத்துக்கிட்டு காலைல அஞ்சு மணிக்கு மரத்தடிக்கு வந்துடுங்க. கை உரிஞ்சவன் மட்டும் ரெண்டு நாள் ஓட்டம் போதும்.