‘சஞ்சாரம்’ பார்க்கத் தொடங்கி பதினைந்து வருஷம்

எங்கள் குமரி மாவட்டப் பக்கம் மலையாள சேனல் ஓடாத வீடு குறைவு. அப்படித்தான் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கராவின் ‘சஞ்சாரம்’ எங்கள் வீட்டுக்குள் வந்தது. 2001இல் ஏஷியாநெட்டில் தொடங்கிய பயண நிகழ்ச்சி அது. 2013இல் அவரே சஃபாரி என்று தனிச் சேனல் ஆரம்பித்தார், விளம்பரமே கிடையாது. சோப்பு, நகைக்கடை என்று எதுவும் குறுக்கே வராமல் ஒரு ஊரை முழுசாகப் பார்த்து முடிக்கலாம். அந்தப் பழக்கத்துக்கு அப்புறம் மற்ற சேனல்களைப் பார்க்கப் பொறுமை இல்லாமல் போய்விட்டது.

இதில் தொகுப்பாளர் என்று ஒருவர் வந்து கை ஆட்டிப் பேசமாட்டார். ஆள் தனியாகப் போகிறார், அவரே படம் பிடிக்கிறார், பின்னணியில் நிதானமான மலையாளத்தில் ‘ஞான்’ (நான்) என்று ஒரு குரல் கதை சொல்லும். அந்தக் குரல் அவருடையதுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சஃபாரியிலேயே வந்த ‘ஒரு சஞ்சாரியுடெ டயரிக்குறிப்புகள்’ நிகழ்ச்சியில், பாடலாசிரியர் பீயார் பிரசாத் கேள்வி கேட்க, இவர் வாயைத் திறந்து பதில் சொன்ன பிறகுதான் குரல் வேறொருவருடையது என்று புரிந்தது. முதல் அரை மணி நேரம் என்னால் ஒட்டவே முடியவில்லை, யாரோ டப்பிங் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் இப்போது எனக்குப் பிடித்தது இந்த டயரிதான். கையில் காசில்லாமல் தொடங்கிய கதை, விசா அலைச்சல் எல்லாம் அதில்தான் வரும்.

அம்மாவுக்கு ‘சஞ்சாரம்’தான் இஷ்டம். குளங்கரா ஃப்ரேமுக்குள் நடந்து வரும் காட்சி வந்தாலே “கேமராவ யாரு மக்களே புடிச்சா?” என்று என்னைக் கேட்பார். ஸ்டாண்டில் வைத்திருப்பார், இல்லாவிட்டால் வழியில் போகிறவர் கையில் கொடுத்திருப்பார் என்பேன். “அப்போ திரும்பிப் போயி எடுக்கணும்லா, காலு கடுக்காதா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பயணத் திட்டம் போட இதை மட்டும் நம்பாதீர்கள். மறு ஒளிபரப்பில் எது எந்த வருஷத்து எபிசோடு என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நம் வேலை, நான் அதைச் செய்யவில்லை. குளங்கராவின் முதல் வெளிநாட்டுப் பயணமே 1997இல் நேபாளத்துக்குத்தான், அந்த ஆசையில் நானும் 2017இல் காட்மாண்டு போனேன். 2015 நிலநடுக்கச் செய்தியைப் பேப்பரில் படித்தவன்தான், ஆனாலும் மனசுக்குள் பழைய காட்மாண்டுதான் இருந்தது. தர்பார் சதுக்கத்தில் காஷ்டமண்டபம் என்ற பழைய மர மண்டபத்தைத் தேடிப் போனால், அன்றைக்கு மண்டபம் இல்லை, அடித்தளம்தான் இருந்தது. அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“அவரு போவும்போ இருந்திருக்கும் மக்களே, நீதான் லேட்டு” என்றார்.