சுங்கை சிப்புட்டில் ஓர் எடை மெஷினும் ஒரு மருந்துக் கடையும்

மெல்பர்னிலிருந்து மலேசியாவில் இருக்கிற ஊருக்கு, சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தேன். ஈடிஎஸ் ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது, ரோடு நன்றாக இருந்தது, ஐசி (அடையாள அட்டை) புதுப்பிக்கிற வேலையும் தடங்கல் இல்லாமல் முடிந்தது. இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்கு வயிறெரிவது டவுனில் இருக்கிற ஒரு தனியார் கிளினிக்கை நினைத்துத்தான். பேர் வேண்டாம், விடுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வயசுக்கு வந்ததிலிருந்தே எனக்கு பிசிஓஎஸ், சினைப்பை நீர்க்கட்டித் தொல்லை. மெல்பர்னில் போன வருடம் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலில் கொண்டுபோய் இணைக்கிற ஆபரேஷன். (இருதய பைபாஸ் என்று நினைத்து அத்தை கல்லுமலைக் கோயிலுக்கு வேண்டுதலே வைத்துவிட்டார்.) என்னோடு செய்துகொண்டவர்களுக்கெல்லாம் எடை கொட்டுகிறது, எனக்குச் சொட்டுகிறது. மாதக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்கும், பிறகு அரைக் கிலோ இறங்கும்.

இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து வைட்டமின் பி12 சரியாக உடம்பில் சேராது. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. ஊரில் இருக்கும்போது நாள் வந்தது. ஒரு பி12 ஊசி, ஐந்து நிமிட வேலை என்று நம்பித்தான் அந்தக் கிளினிக்குக்குள் போனேன்.

எடை மெஷினை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? டாக்டர் அறையில் இல்லை. நம்பர் கூப்பிடுகிற கவுண்டருக்கு முன்னால், நாற்காலி வரிசைக்கு எதிரில். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்னை ஏறச் சொன்னார், ஏறினேன். கார்டு கவுண்டருக்கு உள்ளே இருந்தது, எழுதுகிறவரும் உள்ளே இருந்தார். அதனால் மிஸ்ஸி அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "தொண்ணூத்தாறு!" உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை போலும். "ஹா? எழுபத்தாறா?" "இல்ல லா, தொண்ணூறு! தொண்ணூத்தாறு!" மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆன்ட்டி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். மெல்பர்னில் எடை பார்ப்பது கதவைச் சாத்திய பிறகுதான். எண்ணைப் பார்க்க விருப்பமில்லை என்றால் திரும்பி நின்றுகொள்ளலாம், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அறைக்குள் போக அங்கே இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவுதானா? வாயைக் கட்டணும்மா." பிசிஓஎஸ் இருக்கிறது என்றேன். "அதெல்லாம் கல்யாணமாகி குழந்தை பொறந்தா சரியாயிடும்." எனக்குக் கல்யாணமாகி வருடக்கணக்காகிறது, அதை அவர் கேட்கவும் இல்லை. பி12 ஊசி ஸ்டாக் இல்லையாம். முழங்கால் வலியைப் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தேன், அதற்கு மட்டும் மருந்து வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் மஞ்சள் மாத்திரை, மேலே 'சாப்பிட்ட பின் 3 வேளை'. 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறதே, பட்டியல் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, காலண்டருக்குப் பின்னால்.

ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸர் ஐயா இருந்த காலத்தில் எல்லா நோய்க்கும் ஒரே கசப்பு மிக்ஸர்தான். போத்தலை நாமே கொண்டுபோக வேண்டும். ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், போன வாரக் காய்ச்சல் என்ன ஆச்சு என்று கேட்பார். இப்போது தோட்டத்து ஆட்கள் முக்கால்வாசிப்பேர் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டார்கள், பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது, டிரெஸரும் இல்லை.

அப்புறம்தான் அந்தப் பார்மசி. பல் தேய்க்கும் பிரஷ் வாங்கத்தான் உள்ளே போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். தோட்டத்துப் பிள்ளைதான், அப்பா மரம் சீவியவராம். என் கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். வயிற்று ஆபரேஷன் செய்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"அக்கா, ஸ்லீவா, பைபாஸா?"

மெல்பர்னை விட்டு வந்த பிறகு உருப்படியான முதல் கேள்வி. (ஸ்லீவ் என்றால் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுகிற ஆபரேஷன்.) பைபாஸ் என்றதும் பையை என் பக்கம் தள்ளினாள். "இது டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை. நீங்க தொடவே கூடாது. இணைச்ச இடத்துல புண்ணு வந்துடும். பாராசிட்டமால் போதும்." கால்சியம் எது எடுக்கிறேன் என்று கேட்டாள். கார்பனேட் வேண்டாம், அதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், சிட்ரேட்தான் சரி என்றாள். பிறகு கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்ல, "பீரியட் ஒழுங்கா வருதாக்கா?" என்றாள்.

வருகிறது. ஆபரேஷன் ஆன சில மாதங்களிலேயே, இத்தனை வருடம் வராதது தேதி பிசகாமல் வருகிறது. "அப்போ உள்ள வேலை நடக்குது. இன்சுலின் இறங்குனாத்தான் முட்டை ஒழுங்கா வெளிய வரும். பிசிஓஎஸ்-னா ஆபரேஷன் பலிக்காதுன்னு இல்லைக்கா. தராசுல மட்டும் பாக்காதீங்க, எச்பிஏ1சின்னு சர்க்கரை டெஸ்ட், தைராய்டு, இரும்புச்சத்து எல்லாம் எடுத்துப் பாருங்க. புரோட்டீன் நாளைக்கு அறுபது கிராமாவது போகுதா?" அத்தை வீட்டில் போனது இட்லியும் கேசரியும்தான் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றும் சொன்னாள்: இப்போது சட்டென்று கர்ப்பம் தரிக்க வாய்ப்பு அதிகம், ஆபரேஷனிலிருந்து ஒன்று ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள். டாக்டர் குழந்தை பெற்றால் சரியாகும் என்றார், இவள் பொறுக்கச் சொல்கிறாள். இரண்டு கடைக்கும் நடுவில் நாலு கதவுதான்.

அத்தை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எனக்காக வாங்கி வைத்திருந்த ஸ்லிம்மிங் காப்பியையும் மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். பதிவு எண் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இல்லை. இந்த மாதிரிக் காப்பிகளில் பசியடக்குகிற சிபுட்ராமின் கலந்து பிடிபடுவது புதிதில்லையாம். இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இலேயே பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. அத்தையிடம் வந்து சொன்னேன். "இருபத்தஞ்சு வெள்ளி ஆச்சே" என்று விலையைச் சொன்னார்.

இவ்வளவுக்கும் அந்தப் பெண் என்னிடம் வாங்கியது பாராசிட்டமாலுக்கும் பிரஷுக்கும் மட்டும்தான். மெல்பர்னில் உணவு ஆலோசகரிடம் இதே பேச்சுக்குக் கட்டுகிற காசை நினைத்தால் மறுபடி வயிறெரிகிறது.

பி12 ஊசி ஈப்போவில் போட்டுக்கொண்டேன். போனேன், போட்டார்கள், வந்தேன். பார்க்கிங்தான் கிடைக்கவில்லை.