கோஹாவில் பலகை விளையாட்டுகள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் நூலகம் இரவல் தருகிற பலகை விளையாட்டுகள் அனைத்தும் கோஹா மென்பொருளில்தான் பதிவாகியிருக்கின்றன. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த, நூலகப் பட்டியலையும் இரவலையும் நிர்வகிக்கும் கட்டற்ற மென்பொருள் இது. புத்தகங்களுக்கு இது எப்படி உழைக்கிறது என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். காயும் சீட்டும் பகடையுமாக வரும் ஒரு பெட்டியை இது எப்படிச் சமாளிக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நன்றாகவே சமாளிக்கிறது. ஆனால், விளையாட்டுப் பெட்டியின் பதிவு இரண்டு பேருக்காக எழுதப்படுவது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். “நாங்கள் மூன்று பேர், ஒரு மணி நேரம் இருக்கிறது, எதை எடுக்கலாம்?” என்று கேட்டு வருகிற வாசகர் ஒருவர். திரும்பி வந்த பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கிற ஊழியர் மற்றவர். வடிவமைப்பாளர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடிப்படை அமைப்பு எளிது. நூலகப் பதிவுகளை எண்ணிட்ட புலங்களாக (விவரக் கட்டங்களாக) எழுதும் மார்க் 21 முறையில் பதிவின் வகைக்கு ‘ஆர்’ என்ற குறியீடு, அதாவது முப்பரிமாணப் பொருள். 008 புலத்தில் காட்சிப் பொருள் என்ற பிரிவை எடுத்து, விளையாட்டுக்கு உரிய ‘ஜி’ குறியீட்டை இட வேண்டும். விளையாட்டுகளுக்கென்று தனிப் பதிவுச் சட்டகம் ஒன்றைக் கோஹாவில் உருவாக்கி, தேவையில்லாத புலங்களை மறைத்துவிட்டால் தட்டச்சு வேலை பாதியாகக் குறையும். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, புத்தகங்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் கிடையாது. எனவே எண்ணைத் தட்டி வேறு நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே அதிகம் உதவாது. பெட்டியின் பார்கோடு எண்ணை 024 புலத்தில் இடுகிறோம். அட்டைப் படமும் தானாக வராது. பெட்டியைப் படமெடுத்து ஏற்றும் வசதி இருப்பதால் அது பெரிய குறையில்லை.

அதிக நேரம் பிடிப்பது, பொருளின் அளவையும் உள்ளடக்கத்தையும் எழுதும் 300-ஆம் புலம். புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கையோடு முடிந்துவிடும் இடம், இங்கே முழு உள்ளடக்கப் பட்டியலாக விரிகிறது. கட்டான் விளையாட்டில் 19 நில அறுகோணங்கள், 95 வளச் சீட்டுகள், 25 வளர்ச்சிச் சீட்டுகள். இவை தவிர சாலைகள், வீடுகள், நகரங்கள். ‘டிக்கெட் டு ரைடு’ பெட்டியில் ஐந்து நிறங்களில் நிறத்துக்கு 45 ரயில் பெட்டிகள், கூடவே சில உதிரிகள். இணையத்தில் கிடைக்கும் உள்ளடக்கப் பட்டியலை அப்படியே எடுத்துவிடக் கூடாது. கார்கசோன் பழைய பதிப்பில் 72 நிலத் துண்டுகள்தான். ஆற்றுத் துண்டுகள் சேர்ந்த பிந்தைய பதிப்பில் 84. கையிலிருக்கும் பெட்டியின் விதிப்புத்தகத்தைப் பார்த்து, ஒருமுறை எண்ணியும் விட வேண்டும்.

எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது என்று உறுதியாகச் சொல்வேன். பேண்டமிக் விளையாட்டில் நிறத்துக்கு 24 கனசதுரங்கள். ஒன்று தொலைந்தால் அதே நிறத்தில் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். 48 நகரச் சீட்டுகள் அப்படியல்ல, ஒவ்வொன்றும் வேறு நகரம். ஒன்று போனால் அந்தப் பெட்டியை இரவல் தர முடியாது. எனவே மாற்று வைக்கக்கூடியவை, வைக்க முடியாதவை என்று உறுப்புகளைப் பிரித்தே எழுதுகிறோம். தண்டத்தொகை பற்றிய வாக்குவாதமும் இதனால் குறைந்திருக்கிறது.

இந்தப் பட்டியல் ஊழியர் கண்ணில் படுவதற்குக் கோஹா தரும் வழி அருமையானது. ஒவ்வொரு பிரதியின் விவரமும் இருக்கும் 952-ஆம் புலத்தின் ‘3’ என்ற துணைப்புலத்தில் உறுப்புகளை எழுதிவிட்டால், இரவல் தரும்போதும் திரும்பப் பெறும்போதும் அது திரையில் வந்து நிற்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஊழியர் உறுதி செய்யாமல் மேலே போக முடியாதபடி அமைக்கவும் முடியும். பெட்டியின் முழு எடையை ஊழியர் குறிப்பில் எழுதி வைத்திருப்பதால், பெரிய இழப்புகளைத் தராசே காட்டிவிடுகிறது. ஒற்றைச் சீட்டு குறைந்தால் தராசுக்குத் தெரியாது. அதை எண்ணித்தான் ஆக வேண்டும்.

தலைப்பில் ஓர் எச்சரிக்கை. 1995-இல் வெளிவந்த கிளாஸ் டாய்பரின் விளையாட்டு, ஆங்கிலத்தில் ‘செட்லர்ஸ் ஆஃப் கட்டான்’ என்று நெடுங்காலம் விற்று, 2015-இல் ‘கட்டான்’ என்று சுருங்கியது. பழைய பெயரிலேயே தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் 246-ஆம் புலத்தில் மாற்றுத் தலைப்பு கட்டாயம். ஐந்தாறு பேர் ஆடுவதற்கான விரிவாக்கப் பெட்டிக்குத் தனிப் பதிவு போட்டு, மூல விளையாட்டு இல்லாமல் ஆட முடியாது என்பதை வாசகருக்குத் தெரியும் இடத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் அதை மட்டும் எடுத்துப் போய், ஆட முடியாமல் ஏமாறுவார்கள்.

வயது விஷயத்தில் பெட்டியை முழுக்க நம்ப வேண்டாம். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கான பொருள்களுக்கு அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அந்தச் செலவைத் தவிர்க்கவே 14+ என்று அச்சிடும் பதிப்பகங்கள் உண்டு. யாருக்கானது என்று குறிக்கும் 521-ஆம் புலத்தில் பெட்டி சொல்வதை எழுதுகிறோம். எங்கள் கணிப்பைத் தனிக் குறிப்பாகத் தருகிறோம்.

பொருள்வாரியாக நூல்களைப் பிரிக்கும் டியூவி எண்ணைப் பெட்டிகளின் முதுகில் ஒட்டுவதை நிறுத்திவிட்டோம். சதுரங்கத்துக்கு 794.1, சீட்டாட்டத்துக்கு 795.4 என்று பிரிவுகள் இருந்தாலும், நவீன விளையாட்டுகளில் பெரும்பகுதி 794-லேயே வந்து குவிகிறது. இப்போது பெட்டியின் அளவுப்படி அலமாரி, வரிசை எண்ணே அடையாளம்.

பல்லாங்குழிக்கு மட்டும் இந்த ஏற்பாடுகள் எதுவும் அப்படியே பொருந்தவில்லை. 14 குழிகள் உள்ள மரப்பலகையில் தலைப்பு இல்லை, பதிப்பகம் இல்லை, ஆண்டும் இல்லை. தலைப்பை நாமே தந்து, அது பட்டியலாளர் தந்தது என்று குறிப்பெழுத வேண்டும். வெளியீட்டு விவரத்துக்கான 264-ஆம் புலத்தில் வெளியீட்டுக்குப் பதிலாகத் தயாரிப்பு என்ற குறியீடு பொருந்தும். ஆட்டமுறை ஊருக்கு ஊர் மாறுவதால், எந்த முறையை அச்சிட்டுப் பையில் வைத்திருக்கிறோம் என்பதையும் பதிவில் சொல்கிறோம். புளியங்கொட்டை தொலைந்தால் தண்டம் கிடையாது.

‘எக்ஸிட்’ வரிசை விளையாட்டுகளை வாங்குவதில்லை. ஆடும்போதே அட்டைகளை வெட்டவும் மடக்கவும் வேண்டியவை அவை. ஒரு குழு ஆடி முடித்தால் அடுத்தவருக்கு எதுவும் மிஞ்சாது.

எனக்கு இன்னும் தீராத குறை ஒன்றுதான். ஆடுவோர் எண்ணிக்கையையும் ஆட்ட நேரத்தையும் எண்ணாகவே வைத்து வடிகட்ட வழியில்லை. பொதுக் குறிப்புக்கான 500-ஆம் புலத்தில் ‘2 முதல் 4 பேர்’ என்று எழுதினால், மூன்று பேருக்கானதைத் தேடுகிறவருக்கு அது அகப்படாது. வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொன்ன, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் நான்காம் விதிக்கு நேர் எதிரான நிலை இது. இப்போதைக்கு ‘2 பேர்’, ‘3 பேர்’, ‘4 பேர்’ என ஒவ்வொன்றையும் நாங்களே வகுத்த தனித்தனிப் பொருள் தலைப்பாக (தேடுசொல்லாக) சேர்க்கிறோம். நேரத்தையும் அரை மணி, ஒரு மணி, அதற்கு மேல் என்று அதே வழியில் தருகிறோம். கூடுதல் வேலைதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் பெட்டியிலிருந்தே செய்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான பதிவுகள் சேர்ந்த பிறகு திரும்பிப் போய்ச் சேர்ப்பது மிகக் கடினம்.