கிரான், சிஸ்டம்டி டைமர் ரெண்டையும் சர்வர்ல ஓட்டுறவனோட ரிவ்யூ

சர்வர்ல ஒரு ஸ்க்ரிப்டை தானா ஓட வைக்கணும்னா, அது ராத்திரி பேக்கப்பா இருக்கட்டும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா க்யூவைப் பாக்குறதா இருக்கட்டும், யாரைக் கேட்டாலும் "கிரான்ல போட்டு விடு"னு ஒத்த வரில முடிச்சிடுவாங்க. கிரான்னா சொன்ன நேரத்துக்கு கமாண்டை தானா ஓட்டுற ப்ரோக்ராம், அதே வேலையைச் செய்யுற இன்னொரு ஆள்தான் சிஸ்டம்டி டைமர். கிரான்ல போட்டு விடுறது நெஜமாவே ஒத்த வரி வேலைதான். ஆனா போட்டு விட்டப்புறம் அது ஓடுச்சா இல்லையானு யாரு வந்து சொல்லுவா? இந்தக் கேள்வியை கைல வெச்சுக்கிட்டுத்தான் ரெண்டையும் பாக்கப் போறேன், ஏன்னா நேரத்துக்கு ஆரம்பிச்சு விடுறதுல கிரானைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல, ஓடலைன்னா வாயைத் திறக்குறதுலதான் மார்க் போகுது.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். கிரான் 1979-ல யூனிக்ஸ் 7-வது பதிப்போட வெளிய வந்த சாமான், இன்னைக்கு லினக்ஸ் சர்வர்கள்ல ஓடுறது பெரும்பாலும் பால் விக்ஸி 1987-ல வெளியிட்ட வெர்ஷனோட வாரிசுங்கதான். இவ்ளோ வருஷமா நிக்குதுன்னா சும்மாவா. 'கிரான்டாப் -இ' அடிச்சா கிரானோட நேர அட்டவணை ஃபைலான கிரான்டாப் எடிட்டர்ல திறக்கும், ஒரு வரி எழுதி சேவ் பண்ணா முடிஞ்சுது, எதையும் ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதில்ல, நிமிஷத்துக்கு ஒரு தடவை முழிச்சு ஃபைல் மாறியிருக்கானு அதுவே பாத்துக்கும். நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை, அஞ்சே கட்டம். 0 2 * * * போட்டா தினமும் ராத்திரி 2 மணி, */5 * * * * போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா. ஞாயித்துக்கிழமைக்கு 0 போட்டாலும் சரி 7 போட்டாலும் சரி. எந்த சர்வர்ல போய் உக்காந்தாலும் இது கைக்குப் பழகின ஒண்ணா இருக்கும், அதுக்கே ஒரு மரியாதை குடுக்கலாம்.

ஆனா அந்த அஞ்சு கட்டத்துலயே குழி இருக்கு. */45-னு நிமிஷக் கட்டத்துல போட்டா 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும்னு தோணும், ஓடாது. ஒவ்வொரு மணிலயும் 0-வது நிமிஷம், 45-வது நிமிஷம்னு ஓடும், அதாவது ஒரு இடைவெளி 45, அடுத்தது 15. அறுபதை மீதியில்லாம வகுக்காத எந்த நம்பர் போட்டாலும் இதே கதைதான். இன்னொண்ணு தேதியும் கிழமையும். 0 0 13 * 5 எழுதினா 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையா வந்தா மட்டும் ஓடும்னு நெனைப்போம், ஆனா எல்லா மாசமும் 13-ஆம் தேதி ஓடும், அது போக எல்லா வெள்ளிக்கிழமையும் ஓடும். மத்த கட்டமெல்லாம் "இதுவும் அதுவும்"னு சேரும்போது இந்த ரெண்டு மட்டும் "இது இல்லன்னா அது"னு சேருது, ஏன் இப்படி வெச்சாங்களோ. மேனுவல்ல தெளிவா போட்டிருக்கு, யாரு படிக்கிறா.

அடுத்தது எல்லாரும் விழுற இடம், டெர்மினல்ல கையால ஓட்டினா ஜம்முனு ஓடுற ஸ்க்ரிப்ட் கிரான்ல போட்டா ஓடாது. காரணம் சிம்பிள்தான், நாம லாகின் பண்ணும்போது ஏறுற பாத்தும் (ப்ரோக்ராமை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கிற லிஸ்ட்) வேரியபிளும் கிரானுக்கு ஏறாது, அதுக்குத் தெரிஞ்ச பாத் பெரும்பாலும் '/யூஎஸ்ஆர்/பின்', '/பின்' ரெண்டுதான், கமாண்டைப் படிச்சு ஓட்டுற ஷெல்லும் பாஷ் இல்ல, வெறும் 'எஸ்ஹெச்'. நம்ம வீட்டு அடுப்படில கண்ணை மூடிட்டு சமைக்கிற ஆளை வேற வீட்டு அடுப்படில விட்டா உப்பு டப்பா எங்கன்னு முழிப்பாங்கல்ல, அந்த நெலமைதான். நோட் ஜேஎஸ்ஸையோ பைத்தானையோ ஹோம் டைரக்டரிக்குள்ள இன்ஸ்டால் பண்ணி வெச்சிருந்தா கிரானுக்கு அது இருக்கிறதே தெரியாது. ஸ்க்ரிப்ட்ல எல்லாத்துக்கும் முழு பாத் எழுதுங்க, இல்ல கிரான்டாப் மேலயே பாத்தை ஒரு வரியா போட்டுடுங்க. டெஸ்ட் பண்ண 'என்வ் -ஐ'னு ஒரு கமாண்டு இருக்கு, எல்லா வேரியபிளையும் கழட்டிட்டு ஸ்க்ரிப்டை ஓட்டும், ராத்திரி 2 மணி வரைக்கும் காத்திருக்காம பகல்லயே எது உடையுதுன்னு தெரிஞ்சிடும்.

சதவீதக் குறி இன்னொரு தலைவலி. பேக்கப் ஃபைல் பேர்ல தேதி வரணும்னு 'டேட்' கமாண்டை கிரான்டாப் வரிலயே எழுதுவோம், அதுல % வரும், கிரான் அந்த முதல் %-ஐப் பாத்ததும் கமாண்டு இங்கயே முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும், மிச்சத்தை கமாண்டுக்கு இன்புட்டா ஊட்டும். \% னு எழுதணும். என்னைக் கேட்டா வரிலயே எழுதாதீங்க, எல்லாத்தையும் ஸ்க்ரிப்டுக்குள்ள போட்டுட்டு கிரான்டாப்ல ஸ்க்ரிப்ட் பேர் மட்டும் வைங்க. டெபியன், உபுண்டுல 'கிரான் டெய்லி' ஃபோல்டர்ல ஃபைலைப் போட்டா தினமும் ஓடும்ல, அதுலயும் ஒரு கூத்து: ஃபைல் பேர்ல புள்ளி இருந்தா அதைத் தொடவே தொடாது. 'பேக்கப்.எஸ்ஹெச்'னு போட்டா ஓடாது, வெறும் 'பேக்கப்'னு போட்டா ஓடும். எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பர்மிஷன் சரியா, பாத் சரியான்னு பூராத்தையும் நோண்டுறோம், கடைசில பாத்தா ஒரு புள்ளி.

இப்ப என்னோட மெயின் குறைக்கு வரேன், வாயைத் திறக்காத குணம். கிரான் சுத்தமா ஊமைன்னு சொல்ல முடியாது, ஸ்க்ரிப்ட் ஏதாவது பிரிண்ட் பண்ணா அதை அந்த யூசருக்கு மெயில் அனுப்பும், அந்தக் காலத்து டிசைன். இன்னைக்கு எத்தனை சர்வர்ல மெயில் செட்டப் இருக்கு? டெபியன்ல மெயில் அனுப்புற ப்ரோக்ராம் இல்லைன்னா சிஸ்லாக்ங்கிற சிஸ்டம் லாக்ல ஒரு வரி வரும், எம்டிஏ (அந்த மெயில் ப்ரோக்ராம்தான்) இல்ல, அவுட்புட்டைத் தூக்கிப் போடுறேன்னு. எர்ரர் மெசேஜ் குப்பைக்குப் போயிடுச்சு, போயிடுச்சுங்கிற தகவல் மட்டும் யாரும் பாக்காத லாக்ல பத்திரமா இருக்கு. இதுக்கு மேல எல்லாரும் எங்கிருந்தோ காப்பி அடிச்சு வரி கடைசில அவுட்புட்டை 'டெவ் நல்'ங்கிற குப்பைக் குழிக்கு அனுப்பி, எர்ரரும் அங்கயே போக 2>&1 வேற போட்டு வெச்சிருப்பாங்க, அப்ப மெயில் இருந்தாலும் வராது. வாய்ல துணியைத் திணிச்சிட்டு பேசமாட்டேங்குதுன்னா எப்படி.

மெயில் செட்டப் இருந்தா தப்பிச்சிடலாம்னும் இல்ல. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கோடு வைக்கிற தளமான கிட்லேப்ல ப்ரொடக்ஷன் டேட்டாபேஸ் தவறுதலா அழிஞ்சுது, என்ன ஆச்சுன்னு அவங்களே விலாவாரியா எழுதி வெளியிட்டாங்க, தைரியம்தான். பேக்கப் இருக்கணுமே, ஆட்டோமேட்டிக்கா தினமும் எடுக்குற ஜாப் இருந்துச்சே? போய்ப் பாத்தா ஸ்டோரேஜ்ல ஒண்ணுமே இல்ல. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் ஜாப் எடுத்து ஓட்டினது 9.2 வெர்ஷனோட பிஜி டம்ப் (டேட்டாபேஸை ஃபைலா எடுத்துக் குடுக்குற ப்ரோக்ராம்), அதனால ஆரம்பத்துலயே எர்ரராகி நின்னிருக்கு. ஃபெயில் ஆனப்பல்லாம் கிரான் மெயிலும் அனுப்பியிருக்கு, ஆனா அந்த மெயிலுக்கு டிமார்க் (மெயில் போலியில்லைன்னு சரிபாக்குற ஏற்பாடு) எனேபிள் பண்ணாததால வாங்குற பக்கம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு, யாரு கண்ணுக்கும் படல. வேற காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட நகல்) இருந்ததால சுமார் ஆறு மணி நேர டேட்டாவோட போச்சு. பாருங்க, கிரான் அது வேலையை ஒழுங்கா செஞ்சுது, நேரத்துக்கு ஓட்டுச்சு, மெயிலும் போட்டுச்சு. ஆனாலும் யாருக்கும் தெரியல.

ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதும் கிரானுக்குக் கவலையில்ல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற ஸ்க்ரிப்ட் என்னைக்காவது எட்டு நிமிஷம் இழுத்தா, முதல் ஆள் இன்னும் உள்ள இருக்கும்போதே ரெண்டாவது ஆளை அனுப்பிடும், ரெண்டும் ஒரே டேபிள்ல கை வெச்சா இன்னும் ஸ்லோ ஆகும், அப்புறம் மூணாவது வரும், சர்வர் லோடு ஏறிக்கிட்டே போகும். 'எஃப்லாக் -என்' முன்னாடி சேத்துட்டா போதும், ஏற்கெனவே ஒண்ணு ஓடிட்டிருந்தா அடுத்தது சத்தமில்லாம திரும்பிடும். நம்மளா சேக்கணும், அவ்ளோதான். எடிட் பண்ண -இ, மொத்தத்தையும் அழிக்க -ஆர், ரெண்டு கீயும் கீபோர்டுல பக்கத்துப் பக்கத்துல, -ஆர் அடிச்சா நெஜமாவான்னு கூட கேக்காம அழிச்சிடும். அதனால 'கிரான்டாப் -எல்' அவுட்புட்டை ஒரு ஃபைல்ல போட்டு, பழைய வெர்ஷனெல்லாம் சேத்து வைக்கிற கிட்ல வெச்சுக்கோங்க. மொத்தத்துல கிரானுக்கு அஞ்சுக்கு மூணரை.

சரி, சிஸ்டம்டி டைமர். லினக்ஸ்ல சர்வீஸ்களை ஆரம்பிச்சு மேய்க்கிற, 2010-ல வந்த சிஸ்டம்டியைப் பத்தி சண்டை இன்னும் ஓயல, அந்த அரசியலுக்குள்ள நான் போகல, டைமரை மட்டும் பாக்குறேன். முதல் அடி, ஒத்த வரில முடியுற வேலைக்கு ரெண்டு ஃபைல் எழுதணும், என்ன ஓட்டணும்னு சொல்ற சர்வீஸ் ஃபைல் ஒண்ணு, எப்ப ஓட்டணும்னு சொல்ற டைமர் ஃபைல் ஒண்ணு. எழுதிட்டு, புது ஃபைலை சிஸ்டம்டி படிக்க டீமன் ரீலோடு பண்ணணும், அப்புறம் டைமரை எனேபிளும் ஸ்டார்ட்டும் பண்ணணும். நிறைய பேர் சர்வீஸை எனேபிள் பண்ணிட்டு ஏன் ஓடலைன்னு உக்காந்திருப்பாங்க. சாதா யூசரா டைமர் போட்டா 'லிங்கர்' ஆன் பண்ணணும், இல்லைன்னா நாம லாக்அவுட் ஆனதும் டைமரும் நின்னுடும். இதெல்லாம் முதல் தடவை எரிச்சலாத்தான் இருக்கும்.

ஆனா அந்த எரிச்சலுக்கு கூலி கிடைக்குது. 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட் டைமர்ஸ்'னு அடிச்சா ஒரு டேபிள் வரும், ஒவ்வொரு டைமரும் கடைசியா எப்ப ஓடுச்சு, அடுத்து எப்ப ஓடும், இன்னும் எவ்ளோ நேரம் இருக்குன்னு வரிசையா நிக்கும். கிரான்ல இந்த டேபிளுக்குச் சமமா எதுவும் கிடையாது. ஸ்க்ரிப்ட் என்ன பிரிண்ட் பண்ணாலும் ஜர்னல்ங்கிற சிஸ்டம்டி லாக்ல நேரத்தோட விழும், எக்ஸிட் கோடு (ஸ்க்ரிப்ட் ஜெயிச்சுதா தோத்துதான்னு முடியும்போது சொல்ற நம்பர்) தப்பா இருந்தா சர்வீஸ் ஃபெயில்னு சிவப்புல நிக்கும், 'ஆன் ஃபெயிலியர்'னு ஒரு வரி போட்டா ஃபெயில் ஆனதும் வேற ஒரு சர்வீஸைக் கிளப்பி மெசேஜ் அனுப்பலாம். ஒண்ணு ஓடிட்டிருக்கும்போது அதே சர்வீஸை ரெண்டாவது தடவை கிளப்பாது, எஃப்லாக் வேலை மிச்சம். அந்த 45 நிமிஷ கணக்கும் இதுல சரியா வருது, போன தடவை ஆரம்பிச்சதுலேர்ந்து எண்ணணுமா, முடிஞ்சதுலேர்ந்து எண்ணணுமான்னு நாமளே சொல்லிக்கலாம். நேரத்தை எழுதினது சரியா வருமான்னு சந்தேகமா? 'சிஸ்டம்டி அனலைஸ் காலண்டர்' கிட்ட குடுத்தா அடுத்து எந்தத் தேதி எந்த மணிக்குன்னு சொல்லிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'பெர்சிஸ்டென்ட்'. ராத்திரி 2 மணிக்கு சர்வர் ரீபூட்ல இருந்தா கிரான் அன்னைக்கு ஜாபை மறந்துடும், இதுல பெர்சிஸ்டென்ட் ஆன் பண்ணியிருந்தா சர்வர் எழுந்ததும் விட்டதை ஒரு தடவை ஓட்டிடும். கிரான் பக்கம் இதுக்கு அனாக்ரான் இருக்கு, ஆனா நாள் கணக்குதான், மணி கணக்குக்கு ஆகாது. பக்குவமா எழுதின டைமர் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா டெபியன்ல, வெப்சைட் சர்ட்டிஃபிகேட்டைப் புதுப்பிக்கிற செர்ட்பாட்டோட டைமரைத் திறந்து பாருங்க: ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, 0 மணிக்கும் 12 மணிக்கும், கூடவே 43200 செகண்ட் வரைக்கும் ரேண்டம் தாமதம், பெர்சிஸ்டென்டும் ஆன். 90 நாள் சர்ட்டிஃபிகேட்டுக்கு இவ்ளோ அடிக்கடி எதுக்குன்னா, ஒரு தடவை ஃபெயில் ஆனாலும் அடுத்தடுத்து வாய்ப்பு இருக்கும், ரேண்டம் தாமதம் எதுக்குன்னா உலகத்துல இருக்குற எல்லா சர்வரும் டாண்னு 12 மணிக்கு ஒரே இடத்துல போய் முட்டக்கூடாது.

குறை ஒண்ணு கட்டாயம் சொல்லணும், டைமர் டீஃபால்ட்டா ஒரு நிமிஷம் வரைக்கும் தாமதம் எடுத்துக்கும், பேட்டரியும் சிபியுவும் மிச்சம் பிடிக்க அப்படி வெச்சிருக்காங்க. செகண்ட் சுத்தமா வேணும்னா 'அக்யூரசி செக்' மாத்தணும். பாதி பேருக்கு இது தெரியாம டைமர் லேட்டா வருதுன்னு திட்டுறாங்க. அஞ்சுக்கு நாலரை தரேன், அந்த அரை ரெண்டு ஃபைல் எழுத வெச்சதுக்கு.

சர்வரே இல்லாம ஓட்டுற ஆளுங்களுக்கு ரெண்டு வரி. கிட்ஹப் தளமே ஜாபை ஓட்டிக் குடுக்குற கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல ஷெட்யூல் போட்டா குறைஞ்சது 5 நிமிஷ இடைவெளி, மணி தொடங்குற நேரத்துல லோடு அதிகமா இருந்தா லேட் ஆகலாம்னு அவங்க டாக்குமெண்டேஷன்லயே இருக்கு, அதனால 0-வது நிமிஷத்தை விட்டுட்டு 17, 43னு ஏதாவது போடுங்க. கன்டெய்னர்களை மேய்க்கிற குபர்னெட்டிஸோட கிரான்ஜாப்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதை டீஃபால்ட்டா அனுமதிக்கும், 'ஃபர்பிட்'னு மாத்தினா நிக்கும்.

எதை எடுக்குறதுன்னா, தற்காலிக ஃபைலைக் கூட்டுறது, கேஷ் சூடு பண்றது மாதிரி ஒரு நாள் ஓடலைன்னாலும் உசுரு போகாத வேலைக்கு கிரான் போதும், அதுக்குப் போய் ரெண்டு ஃபைல் எழுதிட்டு இருக்காதீங்க. பேக்கப், பில்லிங், சர்ட்டிஃபிகேட் மாதிரி ஓடலைன்னா மாட்டிக்குற வேலைக்கு டைமர். எதுல போட்டாலும் சர்வரே படுத்துட்டா ரெண்டும் பேசாதுங்கிறதால, ஜாப் நல்லபடியா முடிஞ்சா வெளில ஒரு மானிட்டருக்கு பிங் போகட்டும், சொன்ன நேரத்துக்குள்ள பிங் வரலைன்னா அது கத்தட்டும். கிரான்டாப்ல அந்த பிங்கை ஸ்க்ரிப்டுக்கு அப்புறம் && போட்டு சேருங்க, செமிகோலன் போட்டீங்கன்னா ஸ்க்ரிப்ட் செத்தாலும் பிங் போயிடும், மானிட்டரும் பச்சையாவே காட்டிட்டு இருக்கும். ஸ்க்ரிப்டுக்குள்ள மேலயே 'செட் -இ' போடுங்க, அது இல்லைன்னா நடுவுல ஒரு கமாண்டு ஃபெயில் ஆனாலும் கடைசி கமாண்டு ஓடிட்டா ஸ்க்ரிப்ட் ஜெயிச்ச கணக்குதான். பைப் வெச்சு டம்ப்பை, ஃபைலைச் சுருக்குற ஜிஜிப்புக்கு அனுப்புறவங்க 'பைப்ஃபெயில்' வேற ஆன் பண்ணணும், அது பாஷ்ல ஓட்டினா நிச்சயமா உண்டு, அதை ஆன் பண்ணலைன்னா டம்ப் செத்தும் ஜிஜிப் சிரிச்ச முகத்தோட 20 பைட்டு ஃபைலை எழுதிட்டுப் போயிடும்.