ஒரே நிலத்துக்கு இரண்டு கரிமக் கணக்கு: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உழவர்கள் கவனத்திற்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, மூன்று ஏக்கர் கரிசலில் தென்னையும் நிலக்கடலையும் வைத்திருக்கிறேன். மண்ணின் கரிமத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லி வந்த ஒரு தனியார் நிறுவனத்திடம் 18,000 ரூபாய் ஏமாந்தேன். அவர்கள் பெயரைவிட ஏமாற்றிய விதத்தை அறிவதே மற்றவர்களுக்குப் பயன்படும்.

சென்ற ஆண்டு மண் எடுத்துச் சென்றவர்கள், அங்ககக் கரிமம் (மக்கிய தழை, எருவிலிருந்து மண்ணில் சேரும் கரிமம்) 0.42 சதவீதம் என்று அறிக்கை தந்தார்கள். 0.5-க்குக் கீழிருந்தால் குறைவு என்பது நம் நாட்டுப் பரிசோதனைக் கூடங்களில் வழக்கமான அளவுகோல் என்பதால் நம்பினேன். ஏக்கருக்கு ஐந்து லிட்டர் திரவம் விற்றார்கள். ஓராண்டு கழித்து வந்த அறிக்கையில் 1.63 என்று இருந்தது. "நாலு மடங்கு ஆயிடுச்சுங்கண்ணா, இனி கார்பன் கிரெடிட் பணமே வரும்" என்று, மண்ணில் கரிமம் சேர்ப்பதற்குக் கிடைக்கும் தொகையைக் காட்டி, ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு முன்பணமும் வாங்கிக்கொண்டார் அவர்களுடைய முகவர்.

வேளாண்மை படிக்கும் என் அக்கா மகள்தான் இரண்டு தாள்களின் அடியிலும் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துப் பார்த்தாள். முதல் அளவு வாக்லி–பிளாக் முறையில் எடுக்கப்பட்டது. 1934-இல் வெளியான அந்த முறையில் டைகுரோமேட் என்ற வேதிப்பொருளும் கந்தக அமிலமும் சேர்த்து அங்ககக் கரிமத்தை மட்டும் கணக்கிடுவார்கள். சுண்ணாம்பு அதில் சேராது. இரண்டாவது அளவோ, மண்ணை 900 டிகிரிக்கு மேல் எரித்து, வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் இயந்திரத்தில் எடுத்தது. முன்னதாக அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்காவிட்டால், அதிலுள்ள கரிமத்தையும் அந்த இயந்திரம் சேர்த்தே எண்ணிவிடும். எங்கள் கரிசலில் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, கிடப்பது ஊரறிந்த விஷயம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டாலே மண் நுரைக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 12 சதவீதம் கரிமம். வேறொரு ஆய்வகத்தில் கேட்டபோது என் மண்ணில் சுண்ணாம்பு ஏறத்தாழ பத்து சதவீதம் என்றார்கள். அது மட்டுமே 1.2 ஆகிவிடுகிறது, முதல் அறிக்கையின் 0.42-ஐ அதோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பழைய முறையிலேயே மறுபடி அளந்ததில் 0.44 வந்தது.

முதல் நாளே நான் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் ஆழ மண்ணில், அதன் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்று வைத்துக்கொண்டால், கரிமம் 1.2 சதவீதம் கூடுவதற்கு ஏக்கருக்கு ஒன்பது டன்னுக்கு மேல் கரிமம் சேர வேண்டும். நான் ஊற்றியது ஐந்து லிட்டர். வண்டி வண்டியாகத் தொழுவுரம் அடித்தாலும் அதன் கரிமத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிரிகள் தின்று வாயுவாக வெளியேற்றிவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "மிஷின் பொய் சொல்லாதுங்க" என்றார் முகவர். அதன் பிறகு அழைப்பை எடுப்பதில்லை.

யாரேனும் இப்படி அறிக்கையோடு வந்தால், இரண்டு தடவையும் ஒரே முறையில், ஒரே ஆழத்தில், ஒரே பருவத்தில் அளந்தார்களா என்றும், சுண்ணாம்பை நீக்கினார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். மண் எடுக்கும்போது கூடவே நில்லுங்கள்; வரப்போரத்திலும் எருக்குவியல் அருகிலும் தென்னை வட்டப்பாத்தியிலும் எடுக்கவிடாதீர்கள். அதே ஆட்கள் இப்போது வேலந்தாவளம் பக்கம் வருவதாகக் கேள்விப்படுகிறேன்.